சட்டியை வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போவோம்



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகளின் வாயில் ஒரே பேச்சுத்தான். "உம்மா, எங்கேயாவது போவோம்!" கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் வாழ்கிற நாம் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் மலை. அரைநாள் வான் ஓடினால் அருவி. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ செலவழித்துக்கொண்டு வந்து பார்க்கிற மலைகளை அல்லாஹ் நமக்கு வீட்டு வாசலில் தந்திருக்கிறான்.

ஆனால் நாம் எப்படிப் போகிறோம்? அதைத்தான் இந்த மாதம் பேசப் போகிறேன்.

முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிவரை வெங்காயம் உரிக்கிறோம். சுபஹுக்கு முன் எழும்பி அரிசி களைகிறோம். வானின் பின்பக்கம் பெரிய சட்டி, சஹன், கரண்டி, பாய், தண்ணீர்க் கேன், அடுப்பு, பிள்ளையின் பால்மா டின். அருவிக்குப் போய் இறங்கியதும் ஆண்களும் பையன்களும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு ஓடிவிடுவார்கள். உம்மாவும் மாமியும் சாச்சியும் மரத்தடியில் பாய் விரித்துச் சட்டிக்குக் காவல் இருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு நிற்பாள். சாப்பாடு பரிமாறி, சஹன் கழுவி, மிச்சத்தைக் கட்டி முடிக்கும்போது வான்காரர் ஹோர்ன் அடிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு அந்த உம்மாவிடம் "அருவி எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "சத்தம் கேட்டது" என்பார்.

இது சிரிப்புக்குச் சொல்கிற விஷயம் மட்டுமல்ல. அந்த நேரத்தில் தண்ணீரில் நிற்கிற பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? உம்மா அடுப்பைப் பார்க்கிறார். வாப்பா போன் பார்க்கிறார். "நானா பார்த்துக்கொள்வான்" என்று எல்லோரும் நினைக்கிறோம். அந்த நானாவுக்கு வயது பதினான்கு. அவன் எந்தப் பாறையிலிருந்து குதிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் எங்காவது ஒரு ஊரில், நீராடப் போன பிள்ளை திரும்பவில்லை என்ற செய்தியைக் கேட்டு "இன்னாலில்லாஹி" சொல்கிறோம். அந்த வீட்டாரும் நம்மைப் போல் புரியாணி கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனவர்கள்தான்.

ஆகவே நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: சட்டியை வீட்டில் வையுங்கள். புரியாணிக்கு நான் எதிரி அல்ல. அதை வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் ஆறுதலாகச் சமைத்துச் சாப்பிடலாம். மலைக்குப் போகிற நாளில் உம்மாவும் ஒரு பயணியாக இருக்கட்டும். கை காலியாக இருந்தால் அவர் நடப்பார். கண் காலியாக இருந்தால் பிள்ளையைப் பார்ப்பார்.

கையில் எதைக் கொண்டு போவது?

ரொட்டியும் கட்டா சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு, ஒரு பிளாஸ்கில் பிளேன்டீ. இவை போதும். கரண்டி வேண்டாம், கழுவ ஒன்றும் இராது. ஒவ்வொரு பிள்ளையும் தன் சாப்பாட்டையும் தன் தண்ணீர்ப் போத்தலையும் தன் முதுகுப் பையிலேயே சுமக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு சிறிய பை கொடுங்கள். தான் சுமந்து வந்த ரொட்டிக்கு ஒரு தனி ருசி உண்டு.

பெரியவர் ஒருவரின் பையில் இவை இருக்கட்டும்: ஜீவனிப் பைக்கற் இரண்டு, சுத்தமான துணி, பிளாஸ்டர், ஒரு டோர்ச் லைட், மழைக்கோட்டு, ஓர் உலர்ந்த உடுப்பு, பத்து மீற்றர் அளவில் ஒரு கயிறு. கயிறு எதற்கென்று பின்னால் சொல்கிறேன். ஓடை பளிங்கு மாதிரித் தெரிந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். மேலே மாடு இறங்கியிருக்கும், மனிதரும் இறங்கியிருப்பார்கள்.

முதலில் கிட்டத்து மலை

இதுவரை நடந்து பழகாத குடும்பம் நேரே பெரிய மலைக்குப் போக வேண்டாம். கண்டி நகரத்துக்குள்ளேயே உடவத்தகலை இருக்கிறது. 1856இல் காப்புக்காடாக்கப்பட்டு, 1938இல் சரணாலயமாகிய அந்த வனத்தில் சிறு பிள்ளைகளையும் நடத்திக் கூட்டிப் போகலாம். ஒரு காலைப்பொழுது அங்கே நடந்தால் யாருடைய காலணி கடிக்கிறது, யார் அரை மணித்தியாலத்தில் தூக்கச் சொல்லி அழுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்தது ஹந்தானை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே நிற்கிற அந்த மலைத்தொடரைத் தினமும் பார்க்கிறோம், ஏறினவர்கள் சிலர்தான். அடிவாரத்துப் பக்கமாகத் தேயிலை நூதனசாலையும் இருக்கிறது. 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையைத்தான் அப்படி மாற்றியிருக்கிறார்கள். வயதான மாமியை அங்கே இருத்திவிட்டு மற்றவர்கள் நடந்து வரலாம். ஹந்தானையில் மூடுபனி சொல்லாமல் இறங்கும். பத்தடி முன்னால் போகிறவர் தெரியாமல் போய்விடுவார். பனி இறங்கினால் நடையை நிறுத்தி எல்லோரும் ஒன்றுசேர வேண்டும். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்: "ஆளைக் காணவில்லை என்றால் தேடி ஓடாதே. நின்ற இடத்தில் நில். நாங்கள் வருவோம்."

ஒரு முழு நாளுக்கு

கால் பழகிய பிறகு ஒரு முழு நாள் போய்வர நான் சொல்வது ரிவர்ஸ்டன் பக்கம். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொடை என்று மாத்தளைக்குப் போய், அங்கிருந்து றத்தோட்டை வழியாக மேலே ஏறுகிற பாதை. வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வருகிற பிள்ளையை முன் ஆசனத்தில் இருத்துங்கள்; வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பாதையில் றத்தோட்டைப் பக்கத்தில் பம்பரகிரி எல்ல இருக்கிறது. அருவிக்கு முன்னால் ஒரு தொங்கு பாலம். பிள்ளைகளுக்கு அந்தப் பாலம் ஒன்றே போதும். நாள் முழுவதும் போய்ப் போய் வருவார்கள். ஆனால் பாலத்தில் ஒரே நேரத்தில் கூட்டமாக ஏறவும் கூடாது, ஆட்டவும் கூடாது.

அதற்கு மேலே ரிவர்ஸ்டன். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஷோலை இறுக்கிக் குத்திக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனை. தட்டையான பெரும் பாறை ஒன்றின்மேல் மெல்லிய மண் படிந்து, அதில் புல் வளர்ந்த வெளி அது. மரம் இல்லாததற்குக் காரணம் பிள்ளைகளிடம் கேளுங்கள். வேர் இறங்க மண் இல்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். குறுகிய நடைதான். முடிவில் நிலம் சட்டென்று அறுந்து, கீழே பள்ளத்தாக்கும் வயலும் ஊரும் தெரியும். சிறிய உலக முடிவு என்று பெயர். இங்கே பிள்ளையின் கையைப் பிடியுங்கள். சட்டையை அல்ல, மணிக்கட்டை. விளிம்புக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள், பெரிய மகனையும் சேர்த்துத்தான்.

இன்னும் கீழே போனால் சேர எல்ல. படி இறங்கிப் போக வேண்டும். அருவிக்குப் பின்னால் பாறை குடைந்த இடம் ஒன்று உண்டு. அங்கே நின்றால் தண்ணீர் திரை மாதிரி முன்னால் விழும். அந்த இடம் எப்போதும் நனைந்து வழுக்கும். மழை நாளில் அந்த எண்ணமே வேண்டாம். இறங்கிய படியெல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும் என்பதை முழங்கால் வலியுள்ள சகோதரிகள் இறங்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் ஒரே நாளில் முடித்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை. குடும்பத்தில் மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவருடைய வேகம்தான் குடும்பத்தின் வேகம். அவரை முன்னால் விடுங்கள். ஆறுதலாக நடக்கிற வாப்பா கடைசியில் வரட்டும். அவருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது.

கல்லும் பேசும்

நடக்கும்போது பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நச்சரிப்பார்கள். அப்போது கல்லைக் காட்டுங்கள்.

நம் மலைநாட்டுப் பாறைகளை உற்றுப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாகத் தெரியும். சில இடத்தில் அந்த வரிகள், கொதம்பா ரொட்டிக்கு மாவை மடித்தது போல் வளைந்து மடிந்திருக்கும். கல்லை யார் மடித்தார்கள்? இந்தப் பாறைகள் பூமிக்குக் கீழே பல மைல் ஆழத்தில், தாங்க முடியாத சூட்டிலும் அழுத்தத்திலும் மாவு போல் இளகி உருமாறியவை. அது நடந்தது ஏறத்தாழ 55 கோடி வருடங்களுக்கு முன். அந்தக் காலத்தில் இலங்கையும் இந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. பிறகு மேலே இருந்த மண்ணும் கல்லும் மழையில் கரைந்து கரைந்து, ஆழத்தில் கிடந்தது வெளியே தெரிய வந்தது. பாறையில் மின்னுகிற வெள்ளைத் துண்டு படிகக்கல். தகடு தகடாக உரிந்து பளபளப்பது மைக்கா.

அருவி எப்படி உண்டாகிறது? ஓடை போகிற வழியில் ஓரிடத்தில் பாறை கடினம், அடுத்த இடத்தில் மெதுவு. மெதுவான இடம் சீக்கிரம் தேய்கிறது. கடினமான இடம் படி போல் நிற்கிறது. தண்ணீர் அந்தப் படியிலிருந்து குதிக்கிறது. இவ்வளவுதான். ஆனால் இதை விஞ்ஞானப் புத்தகத்தில் படித்து மறந்த பிள்ளை, அருவிக்கு முன்னால் நின்று கேட்டால் மறக்காது.

ரிவர்ஸ்டன் இருக்கிற மலைத்தொடர் நக்கிள்ஸ். முஷ்டியை மடக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விரல் மூட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன அல்லவா? தூரத்திலிருந்து மலை அப்படித் தெரிந்ததால்தான் வெள்ளைக்காரர் அந்தப் பெயரை வைத்தார்கள். 2010இல் யுனெஸ்கோ நம் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தது. ஹோட்டன் சமவெளி, சிகரக் காடு ஆகியவற்றோடு நக்கிள்ஸும் அதில் ஒன்று. உலகத்தில் வேறெங்கும் இல்லாத தவளை ஒன்று இந்த மலையில் வாழ்கிறது. அதன் குஞ்சுகள் குளத்தில் நீந்துவதில்லை. தண்ணீர் கசிகிற ஈரப் பாறையின்மேல் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. ஈரக் கல்லில் பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும். பார்க்கலாம், தொட வேண்டாம்.

நம் சமையலறைக்கும் இந்த மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. நெடுங்காலம் நக்கிள்ஸ் காட்டுக்குள் ஏலம் பயிரிட்டார்கள். பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு, அடியிலிருந்த செடிகளையும் கன்றுகளையும் வெட்டிவிட்டு ஏலத்தை நட்டார்கள். மேலே பார்த்தால் காடு. கீழே நாளைய மரம் ஒன்றும் இல்லை. அதனால்தான் பின்னால் அது தடை செய்யப்பட்டது. புரியாணியில் ஏலக்காய் போடும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

தண்ணீரிடம் மரியாதை

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அருவியின் அடியில் இருக்கிற குளம், கிணறு போன்றதல்ல. விழுகிற தண்ணீர் பாறையைக் குடைந்து, கரையில் முழங்காலளவும் இரண்டடி தள்ளினால் ஆளை மூடுகிற ஆழமுமாக வைத்திருக்கும். மேலே நுரை தெரிகிற இடத்தில் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பு மிதக்காது. நீந்தத் தெரிந்தவனும் அமிழ்வான். அடியில் சுழல் இழுக்கும். மலைத்தண்ணீரின் குளிர் திடீரென்று மூச்சை அடைக்கும். பாறையில் பச்சையாகத் தெரிவது பாசி. அதன்மேல் எந்தக் காலணியும் நிற்காது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நாம் நிற்கிற இடத்தில் வெயில் எரியும். மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் அந்தத் தண்ணீர் ஒரேயடியாக இறங்கும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் சத்தம் கனத்துக் கேட்பது, நடுக்கல் மூழ்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் யாரையும் கேட்காமல் பிள்ளைகளைக் கரையேற்றி மேட்டுக்குப் போங்கள். செருப்பு, துவாய், போன் ஒன்றையும் எடுக்க நிற்க வேண்டாம்.

ஆகவே சில கட்டுப்பாடுகள். எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் யாரும் இறங்கக் கூடாது; "போன முறையும் இறங்கினோமே" என்பது ஒரு பதிலல்ல. ஊர் மக்கள் குளிக்கிற ஆழமில்லாத இடம் எது என்று ஊர்க்காரரிடமே கேளுங்கள். பாறையிலிருந்து குதிப்பது யாருக்கும் இல்லை. பிள்ளைகள் தண்ணீரில் நிற்கிற நேரம் முழுவதும் ஒரு பெரியவர் அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, பேச்சுத்துணை இருக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை மாறுங்கள். முறை மாறும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இனி நீங்கள்." "சரி, இனி நான்."

யாராவது அமிழ்ந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் அவரோடு இன்னொருவரும் போகிற கதைகள் நம் நாட்டில் எத்தனை! அதற்குத்தான் அந்தக் கயிறு. கயிற்றை எறியுங்கள், இல்லையென்றால் ஷோலை நீட்டுங்கள், கம்பை நீட்டுங்கள், வெறும் தண்ணீர்க் கேனை மூடி எறிந்தால் பிடித்துக்கொண்டு மிதப்பார். கரையேற்றியவர் மூச்சு விடவில்லையென்றால் வயிற்றை அமுக்கி நேரத்தை வீணாக்காமல், வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவில் அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் குடித்து இருமுகிற பிள்ளை எழுந்து நடந்தாலும் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

நம் பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மகன் ஆற்றில் விழுந்தெழும்பி எப்படியோ நீந்தப் பழகிவிடுகிறான். மகளைக் கரையில் நிறுத்திவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கால் வழுக்கினால் அவளுக்கு ஒரு நிமிடம் மிதக்கவும் தெரியாது. பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கி நீச்சல் பழக்குகிற இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். தையலும் சமையலும் போல் இதுவும் அவளுக்குச் சேர வேண்டிய சீதனம்தான்.

மழையும் மலையும்

2016 மே 17இல் அரநாயக்காவில் சாமசர மலை சரிந்தது. இறந்தவரும் காணாமற் போனவருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை யாரால் மறக்க முடியும்? கண்டியிலும் மாத்தளையிலும் நுவரெலியாவிலும் எத்தனை சரிவுகள், எத்தனை ஜனாஸாக்கள்! நம்மில் பலருக்கு அது பத்திரிகைச் செய்தி அல்ல, சொந்தக்காரர் வீட்டுத் துக்கம்.

அதனால் போன வருடம் போன பாதை இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். பாதையும் பாலமும் திறந்திருக்கின்றனவா, அங்கே போக அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடுகிறது. நீங்கள் போகிற பிரதேசத்துக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 117 என்ற இலக்கம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடையது. போனில் பதிந்து வையுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கத்தில் மழை பலம். வருடத் தொடக்க மாதங்கள் பொதுவாக நல்லவை.

வான் கூலி கொடுத்தாயிற்று, பிள்ளைகள் அழுகிறார்கள் என்பதற்காக மழையில் மலையேறாதீர்கள். பாதி வழியில் திரும்புவது தோல்வியல்ல. மலை அங்கேயே இருக்கும். வேறொரு நாள் போகலாம்.

அட்டையும் இப்னு பதூதாவும்

"அட்டை கடிக்குமே!" என்று அஞ்சுகிற சகோதரிகளுக்கு ஒரு பழைய செய்தி. மொரோக்கோவிலிருந்து உலகம் சுற்றி வந்த இப்னு பதூதா 1344இல் நம் நாட்டுக்கு வந்து பாவாத மலைக்கு ஏறினார். அந்த வழியில் புல்லிலும் செடியிலும் இருந்து மனிதர்மேல் தாவுகிற அட்டையைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அதைக் கழற்ற ஊர் மக்கள் எலுமிச்சைச் சாறு பிழிந்ததையும் எழுதியிருக்கிறார். 680 வருடங்கள் கழிந்தும் நாமும் தேசிக்காயைத்தானே எடுக்கிறோம்!

காற்சட்டைக் காலை நீண்ட மேசுக்குள் செருகி, மேசின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் அட்டை பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல், வாய் ஒட்டியிருக்கிற இடத்தில் நகத்தைப் பக்கவாட்டாகத் தள்ளினால் விட்டுவிடும். நெருப்பு வைக்காதீர்கள். இரத்தம் கொஞ்ச நேரம் வழியும். கழுவித் துணியால் அழுத்தினால் நிற்கும். உம்மா கூச்சலிட்டால் பிள்ளைகளும் கூச்சலிடுவார்கள். உம்மா சிரித்தால் அவர்களும் எத்தனை கடி என்று எண்ணத் தொடங்குவார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது தேனீக்கு. சிங்களத்தில் பம்பரா என்பது பாறையில் கூடு கட்டுகிற பெருந்தேனீ. கூடு தெரிகிற பாறைக்குக் கீழே புகை, கூச்சல், கல்லெறிதல் எதுவும் ஆகாது. பாறைப் பொந்திலும் மர வேருக்குள்ளும் கை விடக் கூடாது. அங்கே பாம்பு இருக்கலாம்.

உடையும் தொழுகையும்

மானத்தை மறைக்கிற உடையும் வேண்டும், கால் தடுக்காத உடையும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நிலத்தில் இழுபடுகிற அபாயாவோடு ஈரப் பாறையில் இறங்குவது ஆபத்து. நனைந்தால் அது பாரமாகிக் காலைச் சுற்றும். தளர்ந்த சல்வாரும் முழங்காலுக்குக் கீழே நிற்கிற நீண்ட மேலுடுப்பும், ஊசி குத்திய ஷோலும் நடைக்கு ஏற்றவை. அழகுச் செருப்பு வேண்டாம். பிள்ளைகளின் பழைய பாடசாலைச் சப்பாத்து இருக்கிறதே, அது நல்லது.

தொழுகை நேரத்தைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசல் மாத்தளையில் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்தால் ஒழுங்காக வுளூச் செய்யலாம். மலசலகூடத் தேவையும் தீரும். பயணத் தொழுகை பற்றிய சந்தேகத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். மலையில் வுளூச் செய்ய நேர்ந்தால் அருவியின் விளிம்புக்குப் போகாமல் போத்தலில் மொண்டுவந்து செய்யுங்கள். பொழுது சாயுமுன் மலையை விட்டு இறங்கி, மஃரிபுக்குப் பெரிய பாதைக்கு வந்துவிட வேண்டும்.

விட்டுவிட்டு வருவது

அருவிக்கரையில் கிடக்கிற லஞ்ச் ஷீட்டையும் யோகட் கோப்பையையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். குப்பை யாருடையது என்று அதில் பெயர் எழுதியிருக்காது. ஆனால் எழும்பிப் போன கூட்டம் எது என்று ஊர்க்காரருக்குத் தெரியும். நம் உடையைப் பார்த்தே நம்மை அடையாளம் காண்கிறார்கள். நாம் விட்டு வருகிற ஒரு பையும் நம் எல்லோருடைய பெயரையும் சொல்லும். ஒவ்வொரு பிள்ளையும் தான் கொண்டுபோன பையில் தன் குப்பையைத் திரும்பக் கொண்டு வரட்டும். கடைசியாக எழும்புகிறவர் அந்த இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். சட்டி இல்லாத பயணத்தில் குப்பையும் குறைவுதான்.

சகோதரிகளே! வருகிற விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, சாப்பிட்ட பிறகு வீட்டில் எல்லோரும் கூடி உட்காருங்கள். எங்கே போவது, யார் எதைச் சுமப்பது, தண்ணீருக்குப் பக்கத்தில் யார் எந்தப் பதினைந்து நிமிடம் காவல் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளும் கையெழுத்துப் போடட்டும். "சாப்பாடு?" என்று வாப்பா கேட்டால், "ரொட்டியும் சம்பலும்" என்று சொல்லுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கலாம். பரவாயில்லை.

போகிற எல்லோரையும் அல்லாஹ் நலமாகக் கொண்டுபோய் நலமாகத் திருப்பி அனுப்புவானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.